சுயம்பு தோட்டத்துத் தண்ணீர்க்காரி

தாயம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தண்ணீரைப் படிக்கத் தெரியும். விடிந்ததும் தோட்டத்துக் கிணற்றில் ஒரு வாளி இறைப்பாள். உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, நாக்கு நுனியில் ஒரு சொட்டு வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பாள். "இன்னிக்கி மல்லிக்கு ஆவாது. பூவரசுக்கு ஊத்தலாம்" என்று தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொள்வாள். அந்தத் தீர்ப்பு ஒருநாளும் தப்பியதில்லை. ராயபுரத்தில் கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. மாசியில் கிணறு முகம் சுளிக்கத் தொடங்கி, சித்திரையில் வாயில் வைக்க முடியாத உப்பாகிவிடும். பூவரசு அந்த உப்பைக் குடித்தும் பிழைத்துக்கொள்ளும். மல்லிக்கும் பன்னீர் ரோஜாவுக்கும் அந்த வீம்பு கிடையாது. மூன்றே நாளில் இலையோரம் கருகி, ஏழாம் நாள் விறகாகிவிடும்.

அவள் வேலை பார்த்தது சுயம்பு தோட்டத்தில். எண்ணூர்ப் பக்கம் உப்பளம் வைத்துப் பெரும்பணம் சேர்த்த சுயம்பு என்பவர் ஊருக்கு விட்டுப்போன மூன்று பூங்காக்களில் அது ஒன்று. ராயபுரத்தில் ஒன்று, தண்டையார்பேட்டையில் ஒன்று, திருவொற்றியூரில் ஒன்று. உப்பு விற்ற ஆசாமிக்குப் பூ மேல் எப்படி ஆசை வந்ததென்று அந்த நாளில் பலரும் கேலி பேசினார்கள். அவருடைய மனைவி ஒரே ஒரு ஜன்னல் வைத்த வீட்டில் பத்து வருஷம் படுக்கையாகக் கிடந்து, பச்சை என்பதையே பார்க்காமல் செத்துப்போனாள் என்றும், அதற்குப் பிறகுதான் மனிதர் மாறினார் என்றும் சொல்வார்கள். நிஜமோ பொய்யோ, ஒரு பணக்காரனைப் பற்றிச் சொல்ல நல்லதாக ஒன்று கிடைத்தால் நம்பிவிட்டுப் போவோம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பதில் அவர் கண்ணை மூடினார். எழுதி வைத்த பத்திரத்தில் மூன்று நிபந்தனைகள். தோட்டத்துக்கு வருகிற யாரிடமும் காசு கேட்கக்கூடாது, நீ யார் என்றும் கேட்கக்கூடாது, இது முதலாவது. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் நேரம் வரை பெண்களுக்கு மட்டும். அப்போது வாசல்காரன் உட்பட எந்த ஆணும் உள்ளே இருக்கக்கூடாது. மூன்றாவது நிபந்தனைதான் வில்லங்கம். எந்தத் தோட்டமாவது ஒரு வருஷம் முழுக்கப் பச்சையில்லாமல் கிடந்தால் அந்த நிலம் வாரிசுகளுக்கே திரும்பிவிடும். நிர்வாகம் பண்ணுகிறவர்கள் பயந்துகொண்டு ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்து எழுதியிருப்பார், பாவம். நிர்வாகம் பண்ணுகிறவர்களாவது பயப்படுவதாவது! அந்தப் பயம் மொத்தமும் தண்ணீர் ஊற்றுகிறவள் தலையில்தான் வந்து விழுந்தது.

தாயம்மாவுக்கு அப்போது முப்பது வயது. பிள்ளை இல்லை. புருஷன் பேசின் பிரிட்ஜில் கரி அள்ளும் வேலையில் இருந்தான். நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டியபோது அவனும் கட்டினான். "நீயும் வா" என்று இரண்டு தடவை கூப்பிட்டான். "செடிக்கு யாரு தண்ணி ஊத்துவா?" என்று இவள் கேட்டாள். போனவன் போனவன்தான். செங்கல்பட்டுப் பக்கம் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்று பிறகு செய்தி வந்தது. அன்று சாயங்காலம் வழக்கத்தைவிட நாலு குடம் கூடுதலாக இறைத்தாள் என்பதைத் தவிர அவள் துக்கத்துக்கு வேறு சாட்சி இல்லை.

ஊர் காலியான அதே மாதத்தில் பட்டாளத்துக்காரர்கள் வந்து தோட்டத்தில் நாலு பதுங்கு குழி வெட்டினார்கள். மணல் சரியாமல் இருக்கச் செங்கல் அடுக்கி, சிமெண்டு பூசி, ஆளுயரத்துக்கு மேல் ஆழமாகக் கட்டினார்கள். ரோஜாப் பாத்தி நடுவே ஒன்று. வயிற்றில் அடித்துக்கொண்டு அழுத தாயம்மா, அடுத்த வருஷ அடைமழையில் வேறு மாதிரி ஆகிவிட்டாள். மழை விட்ட மறுநாள் வாசற்பக்கம் இருந்த குழியில் குனிந்து கையை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். சர்க்கரை! பிறந்ததிலிருந்து அப்படி ஒரு தண்ணீரை அவள் ருசித்ததில்லை. நாலு குழியிலும் கழுத்தளவு தண்ணீர் நின்றது. அந்தக் கோடையில் கிணறு உப்பான பிறகும் சுயம்பு தோட்டத்தில் மல்லி பூத்தது.

திருவொற்றியூர்த் தோட்டத்துக்கு அந்த யோகம் இல்லை. அங்கே குழியும் இல்லை, தாயம்மாவும் இல்லை. நாற்பத்தைந்தில் அது கட்டாந்தரையாகி, வாரிசுகள் வக்கீலோடு வந்து பார்த்து, ஆறே மாதத்தில் கிடங்கு எழும்பிவிட்டது. தாயம்மா ஒருநாள் அவ்வளவு தூரம் நடந்தே போய் அந்தக் கிடங்கைப் பார்த்துவிட்டு வந்தாள். திரும்பி வந்ததும் தோட்ட நிர்வாகத்தின் ஏஜெண்டு ஜெயவேலுவிடம் கேட்டாள்.

"நம்ம தோட்டத்தையும் கேப்பாங்களா நைனா?"

"துறைமுகத்துக்கு இத்தினி கிட்ட கீது. வுடுவாங்களா? கரிஞ்சா போதும்னு வாயத் தொறந்துகினு கீறாங்க" என்றார் ஜெயவேலு. சோம்பேறி மனுஷர், கெட்டவர் இல்லை.

தாயம்மாவுக்குத் தூக்கம் போனதற்குக் காரணம் வேலை போய்விடும் என்பது மட்டும் அல்ல. வெள்ளிக்கிழமைகள் போய்விடும்.

வெள்ளிக்கிழமை என்றால் என்னவென்று அதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஜும்மா முடிந்து ஆண்கள் கடைக்குத் திரும்பியதும், வண்ணாரப்பேட்டையிலிருந்தும் மண்ணடியிலிருந்தும் திரை கட்டிய ஜட்கா வண்டிகளும் கை ரிக்‌ஷாக்களும் வரிசையாக வந்து நிற்கும். வாசல்காரர் பாஸ்கல் கேட்டைத் திறந்துவிட்டு, வெளியே போய்த் தெருவைப் பார்த்து நின்றுகொள்வார். உள்ளே வந்த பெண்கள் புர்க்காவைக் கழற்றி பூவரசங்கிளைகளில் மாட்டிவிட்டு, புல்லில் செருப்பில்லாமல் நடப்பார்கள். நாலு பிள்ளை பெற்றவள் ஊஞ்சலுக்கு அடித்துக்கொள்வாள். வாரத்தில் ஆறரை நாள் சுவரையே பார்த்திருந்த கண்கள் அவை. வியாசர்பாடிப் பெண்களும் ராயபுரத்து மீன்காரிகளும் கூட வந்து உட்காருவார்கள். யாரும் யாரையும் நீ யார் என்று கேட்டதில்லை.

அதில் ஒருத்தி சபீஹா. கயிற்றுக்கடை கலீலுல்லாவின் மனைவி. இருபது வயதிருக்கும். அஜீசா, மலிகா என்று இரண்டு பெண் குழந்தைகள். அவள் வீட்டில் முற்றம்கூடக் கிடையாது. மாடியில் ஒரு அறை, கீழே சரக்கு. முதல் தடவை வந்தபோது புல்லில் மல்லாந்து படுத்து, "அக்கா, வானம் இத்தினி பெருசா கீது, மறந்தே பூட்டேன்" என்றாள். அன்றிலிருந்து தாயம்மா அவளுக்கு அக்கா. சின்னவள் மலிகா எந்நேரமும் தாயம்மாவின் புடவை முனையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு செடியாகக் கூட நடப்பாள். வாளியில் கையை விட்டு, தாயம்மாவைப் போலவே நாக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, "ஆவாது" என்பாள். எந்தத் தண்ணீராக இருந்தாலும் ஆவாதுதான். பிள்ளை பெறாத தாயம்மா வாரம் முழுக்க அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தாள் என்று சொன்னால் அது மிகையில்லை.

நாற்பத்தாறு ஆடியில், யுத்தம் முடிந்து ஒரு வருஷமாகப் போகிறதே என்று யாரோ மேலிடத்தில் நினைத்துக்கொண்டார்கள். குழிகளைத் தூர்க்கச் சொல்லி ஜெயவேலுவுக்கு உத்தரவு வந்தது. வண்டி வண்டியாக மண் வந்தது. கூலியாட்கள் நாலு நாள் வேலை செய்தார்கள். முதல் மூன்று குழிகள் தூர்ந்தன. ஒவ்வொரு கூடை மண் விழும்போதும் தாயம்மாவுக்குத் தன் வயிற்றில் விழுவது போல இருந்தது. கிணறு அந்த வருஷம் பங்குனியிலேயே கைவிட்டிருந்தது. நாலாவது குழி கிழக்குச் சுவரோரம், ஊஞ்சலுக்குப் பின்னால், யார் கண்ணிலும் சட்டென்று படாத இடத்தில் இருந்தது.

"அத்த நான் பாத்துக்கிறேன். நீங்க போங்கப்பா" என்று ஆட்களை அனுப்பிவிட்டாள். மிச்ச மண்ணைப் புல்லுக்குப் பரப்பினாள். குழி மேல் குறுக்காக மூங்கில் போட்டு, தென்னங்கீற்று வேய்ந்து, அதற்கு மேல் ஒரு விரற்கடை மண்ணும் சாணமும் தூவினாள். கரையில் நாலு பரங்கி விதை ஊன்றினாள். ஒரு ஓரத்தில் மட்டும் வாளி இறங்குமளவுக்கு இடம் விட்டு அதையும் முறத்தால் மூடினாள். புரட்டாசிக்குள் கொடி மொத்தத்தையும் மூடிவிட்டது. ஜெயவேலு வந்து பார்த்து, "குழியும் தூந்துச்சி, காயும் வந்துச்சா? கெட்டிக்காரி நீ" என்று சிரித்துவிட்டு, இரண்டு பிஞ்சு பறித்துக்கொண்டு போனார். ஐப்பசி மழை அந்தக் கீற்று வழியே இறங்கி குழியை விளிம்பு வரை நிரப்பியது.

வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பக்கம் யாரையும் போகவிடமாட்டாள். "பாம்பு கீது" என்பாள். பெரியவர்களுக்கு அது போதும். நாலு வயது மலிகாவுக்கு, தான் தண்ணியம்மா என்று கூப்பிடுகிறவள் தினம் போய் வருகிற இடத்தில் பாம்பு இருக்காது என்று நன்றாகத் தெரியும். தாயம்மா இதை மட்டும் யோசிக்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் யோசித்தாள்.

தை மாதக் கடைசி வெள்ளி. கீற்று ஆறு மாதம் ஈரத்தில் ஊறி மக்கியிருந்தது. மாற்ற வேண்டும், நாளைக்கு மாற்ற வேண்டும் என்று அவளும் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். கொடியின் நடுவில் அன்று ஒரு பூ மஞ்சளாக விரிந்திருந்தது. தாயம்மா ரோஜாவுக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். புடவை முனையில் இருந்த சின்னப் பிடி எப்போது விட்டதென்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு சத்தம்கூட வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தாள். கொடியின் பச்சைக்கு நடுவே ஒரு ஓட்டை இருந்தது.

குதித்துவிட்டாள். நீச்சல் தெரியாது. அவள் தலைக்கு மேல் தண்ணீர். கூச்சல் கேட்டு பாஸ்கல் உள்ளே ஓடி வந்தார். வெள்ளிக்கிழமை நேரத்தில் ஒரு ஆண் அந்தத் தோட்டத்துக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. யாரும் புர்க்காவைத் தேடவில்லை. முதலில் தாயம்மாவை இழுத்துப் போட்டார். குழந்தை கொடிக்குள் சிக்கியிருந்தது. வெளியே எடுக்க இன்னும் கொஞ்சம் நேரம் ஆனது. அவ்வளவுதான். அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது?

விசாரணைக்குப் போலீஸ் வந்தபோது ஜெயவேலு முந்திக்கொண்டார். குழி பட்டாளத்தார் வெட்டியது, தூர்க்க மண் போதவில்லை, வந்து போகிறவர்களுக்கு ஆபத்து வரக்கூடாதென்று இந்த அம்மாள் கீற்றுப் போட்டு மூடி வைத்திருந்தாள், விதி யாரை விட்டது என்றார். எழுதிக்கொண்டார்கள். பிறகு தாயம்மாவைக் கிணற்றடிக்கு அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"வாயத் தொறந்தேன்னு வை, நீயும் உள்ள போவே, நானும் போவேன். தோட்டத்த இஸ்து மூடிடுவானுங்க. அந்தப் பொம்பளைங்கல்லாம் அப்பால எங்க போவாங்க, யோசிச்சிக்க."

யோசித்தாள். குழியை அன்றே தூர்த்தார்கள். இந்தத் தடவை அவளே கூடை சுமந்தாள்.

ஆறு மாதம் வெள்ளிக்கிழமை நேரத்துக்கு ஒருவரும் வரவில்லை. நாட்டுக்குச் சுதந்திரம் வந்த ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை, ஒரே ஒரு ரிக்‌ஷா வந்து நின்றது. சபீஹா இறங்கினாள். பாதி ஆளாகியிருந்தாள். தாயம்மா வாளியைப் போட்டுவிட்டு நின்றாள். காலில் விழுந்துவிடத்தான் நினைத்தாள். அதற்குள் சபீஹா அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

"நீ இன்னா பண்ணுவக்கா? பட்டாளத்துக்காரன் வெட்டிட்டுப் பூட்டான். நீயாவது மூடி வெச்சே. நீஞ்சத் தெரியாத குதிச்சே. என் புள்ளைக்காவ குதிச்சியே!"

அப்போது சொல்லியிருக்க வேண்டும். முதல் வெள்ளி சொல்லாததை இரண்டாம் வெள்ளி எப்படிச் சொல்வது? பத்தாம் வெள்ளி எப்படி? சபீஹா வந்ததைப் பார்த்து மற்றவர்களும் வரத் தொடங்கினார்கள். மல்லியும் ரோஜாவும் அந்தக் கோடையிலேயே போய்விட்டன. கண்ணில் பட்டதையெல்லாம் ஊன்றி, பூவரசையும் அருகம்புல்லையும் வைத்துத் தோட்டத்தைப் பச்சையாகக் காட்டிக்கொண்டாள் தாயம்மா. வாரிசுகளின் வக்கீல் இரண்டு தடவை வந்து உதட்டைப் பிதுக்கிவிட்டுத் திரும்பிப் போனார். குழி இல்லாமலே தோட்டம் பிழைத்தது. இதுதான் அவளை உள்ளேயிருந்து அரித்தது. பிழைக்காமல் போயிருந்தாலாவது, எல்லாம் அந்த மல்லிக்காக என்று மனசுக்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

சபீஹா வெள்ளி தவறாமல் வந்தாள். கிழக்குச் சுவரோரம், குழி இருந்த இடத்துக்குப் பக்கத்தில் உட்காருவாள். பக்கத்தில் தாயம்மாவை உட்கார வைத்துக்கொள்வாள். "எங்கூட்ல அவ பேர எடுத்தா அவரு எந்திரிச்சிப் பூடறாரு. மாமியா அழுவாதன்றாங்க. இங்க வந்தாத்தான்க்கா என் புள்ளைய நெனச்சி அழ முடியுது" என்பாள். பெருநாளைக்குச் சேமியா பாயசம் கொண்டுவந்து தன் கையாலேயே ஊட்டுவாள். தாயம்மா விழுங்குவாள். இப்படி ஒன்பது வருஷம் போயிற்று. இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது கூடப்பிறந்தவர்களிடத்தில்கூடக் காண முடியாத பாசம். அதில் ஒருத்தி மட்டும் திருடி.

ஐம்பத்தாறில் தாயம்மாவுக்கு மூட்டு பிடித்துக்கொண்டது. குடம் தூக்க முடியவில்லை. வேலையை விட்டு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள். கடைசி வெள்ளியன்று நிர்வாகத்தின் சார்பில் ஜெயவேலு காலையிலேயே ஒரு புடவை கொடுத்துவிட்டுப் போனார். மத்தியானம் சபீஹா வந்தாள். கூடப் பெரிய பெண் அஜீசா. போன வருஷம்தான் அவளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அவள் கையில் நாற்பது நாள் குழந்தை. முதல் முறையாக வெளியே தூக்கி வந்திருக்கிறார்கள். பெண் குழந்தை.

அஜீசா குழந்தையை யாரிடமும் தர மாட்டேன் என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தங்கை போனது அவள் கண்முன்னால் நடந்தது. சபீஹா சிரித்துக்கொண்டே குழந்தையை வாங்கினாள்.

"பைத்தியம். இந்த அக்கா கைல வுட்டா அல்லா கைல வுட்ட மாதிரி. குடு" என்று சொல்லி, குழந்தையைத் தாயம்மாவின் மடியில் கிடத்தினாள். "மலிகான்னுதான் பேரு வெச்சிகீறோம்க்கா."

தாயம்மா மடியில் கிடந்ததைப் பார்த்தாள். அது கண் விழித்து, எதையோ ருசி பார்ப்பது போல நாக்கை நீட்டியது. குழந்தைகள் எல்லாம் செய்வதுதான். தாயம்மாவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. குழந்தையைத் தூக்கி அஜீசா கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"நீ அப்டி ஊஞ்சலாண்ட போம்மா" என்றாள். அஜீசா போனதும் சபீஹாவின் பக்கம் திரும்பி, ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். மண் வந்தது, ஆட்களைத் திருப்பி அனுப்பியது, மறைக்கக் கொடி போட்டது, கீற்று மக்கியது தெரிந்தும் நாளைக்கு நாளைக்கு என்று இருந்தது, ஜெயவேலு சொன்ன பொய்யின் மேல் ஒன்பது வருஷம் உட்கார்ந்திருந்தது. "பட்டாளத்துக்காரன் இல்ல சபீ. நான்தான். தண்ணிக்காவ" என்று முடித்தாள். அடி விழும் என்று காத்திருந்தாள். அடித்துவிட்டால் நல்லது என்றுகூட இருந்தது.

சபீஹா அடிக்கவில்லை. குழி இருந்த இடத்துப் புல்லைக் கையால் தடவினாள். ஊஞ்சல் பக்கம் பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன்க்கா சொன்னே?" என்றாள்.

அவளே தொடர்ந்தாள்.

"உனுக்கு மனசு கேக்கல, சொல்லிட்டே. உன் பாரம் எறங்கிடுச்சி. நான் இத்த எங்க எறக்குவேன்? அந்த முகம் தெரியாத வெள்ளக்காரன சபிச்சிகினு ஒம்போது வருசம் ஓட்டிட்டேன். இப்ப உன்னையா சபிக்கணும்? எனுக்கு வேற யாரு கீறாங்க?" குரல் உயரவில்லை. எழுந்து, கிளையில் மாட்டியிருந்த புர்க்காவை எடுத்துத் தலைவழியே போட்டுக்கொண்டாள். வலை போட்ட முகத்திரைக்குள்ளிருந்து பிறகும் குரல் வந்தது.

"இனிமே வெள்ளிக்கெயம நான் எங்கக்கா போவேன்?"

அஜீசாவைக் கூப்பிட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். விளக்கு வைக்க இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. இவ்வளவு சீக்கிரம் அவள் கிளம்பி பாஸ்கல் பார்த்ததில்லை. வண்டிக்காரனைத் தேடித் தெருமுனை வரை ஓடினார். அவர் வண்டியோடு வரும்வரை சபீஹா தெருவில், வெயிலில், தோட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். உள்ளே வந்து நிழலில் நில்லுங்கள் என்று பாஸ்கல் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் வரவில்லை.